பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

ஹௌராவிலிருந்து பர்த்வான் போகும் மெயின் லைன் லோக்கலில் உத்தர்பாராவுக்கும் கோன்னகருக்கும் நடுவே ஹிந்த்மோட்டர் என்றொரு நிலையம் வருகிறது. ஓர் ஆலையின் பெயரையே ஊருக்கும் ரயில் நிலையத்துக்கும் சூட்டிய காலம் அது. இன்றும் அந்த நிலையம் இருக்கிறது, வண்டியும் நின்று போகிறது. ஆனால் 2014-க்குப் பிறகு அந்த ஆலையிலிருந்து ஒரு கார்கூட வெளிவரவில்லை.

வண்டி அங்கே நிற்கும்போது பெட்டிக்குள் யாராவது ஒருவர் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, "யூனியன்காரன் கெடுத்த ஆலை" என்று சொல்வதை நாம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். வங்காளி சொல்கிறார், பீகாரி சொல்கிறார், நம் தமிழரும் சொல்கிறார். லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டே பேசும் பேச்சிலும் இதே வாசகம் அடிபடுகிறது. சொல்பவர்களில் பலர் தாமே கூலி வாங்கிப் பிழைப்பவர்கள் என்பதுதான் வேதனை.

இந்த வாசகம் உண்மையா என்று பார்ப்பது நம் கடமை. ஏனெனில் அது பழைய ஆலை ஒன்றைப் பற்றிய வெறும் வம்புப் பேச்சு அன்று. நாளை எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு பொதுப்பணம் தருவது, எந்தத் தொழிலாளியின் சம்பளத்தை வெட்டுவது என்று முடிவு செய்கிறவர்கள், மக்கள் மனத்தில் ஊறிப்போன இந்த எண்ணத்தைத்தான் துணைக்கு அழைக்கிறார்கள்.

உத்தர்பாராவில் நடந்தது என்ன?

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-ல் பி.எம். பிர்லாவால் தொடங்கப்பட்டது. குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் கார்களைப் பூட்டும் வேலையோடு ஆரம்பித்து, 1948-ல் உத்தர்பாராவுக்கு வந்தது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடியொற்றிச் செய்த அம்பாசிடர் 1957-ல் பிறந்தது. மந்திரி முதல் டாக்ஸிக்காரர் வரை அதில்தான் போனார்கள்.

அது எப்படி அவ்வளவு காலம் ராஜாவாக இருந்தது? சுதந்திரத்துக்குப் பிறகு முழுக் கார்களை இறக்குமதி செய்ய அரசு தடை போட்டது. 1950-களில், உறுப்புகளை இங்கேயே செய்யத் திட்டம் இல்லாத அன்னியக் கம்பெனிகளுக்கு இடமில்லை என்றது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. கல்கத்தாவில் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்ட் என்று மூன்று கம்பெனிகள் சந்தையைப் பங்கு போட்டுக்கொண்டன. பணத்தைக் கட்டிவிட்டு ஜனங்கள் ஆண்டுக்கணக்கில் காருக்காகக் காத்துக் கிடந்தார்கள். நாட்டில் தொழில் வளர வேண்டும் என்று செய்த ஏற்பாடு அது. அதை நாம் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. போட்டியே இல்லாத சந்தையை முப்பது ஆண்டுகள் அரசு காவல் காத்துக் கொடுத்ததே, அதுதான் முதலாளிக்குக் கிடைத்த முதல் உதவி. அதற்கான விலையை வாங்குபவர் கொடுத்தார், நாடு கொடுத்தது.

அந்த முப்பது ஆண்டுகளில் ஈட்டியதைக் கொண்டு புதிய இயந்திரமும் புதிய காரும் வந்திருக்க வேண்டும். வந்ததா? முகப்புக் கம்பியை மாற்றினார்கள், மார்க் ஒன்று, மார்க் இரண்டு என்று பெயரை மாற்றினார்கள். காரின் உடல் ஏறக்குறைய அப்படியே இருந்தது. 1983 டிசம்பரில் மாருதி வந்தது. 1980-களின் நடுவில் ஆண்டுக்குச் சுமார் 24,000 அம்பாசிடர் விற்ற கம்பெனி, 2014 மார்ச்சில் முடிந்த ஆண்டில் சுமார் 2,200 கார்களையே விற்றது. எந்தக் காரைச் செய்வது, எந்த இயந்திரத்தை வாங்குவது, ஈட்டிய பணத்தை எங்கே போடுவது என்று எந்தத் தொழிலாளியையாவது கேட்டு முடிவு செய்தார்களா?

2014 மே 24 அன்று வாசலில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. வேலை நிறுத்தி வைக்கப்படுகிறது என்றார்கள். சுமார் 2,600 பேரின் பிழைப்பு அந்த ஒரு தாளோடு போயிற்று. அதற்கு முன்பே பல மாதச் சம்பளம் பாக்கி. அறிவிப்பில் சொன்ன காரணங்களின் வரிசையைப் பாருங்கள். முதலில் உற்பத்தித் திறன் குறைவு, அடுத்துத் தொழிலாளரிடையே பெருகும் ஒழுங்கீனம், பிறகு பணத் தட்டுப்பாடு, அதற்கும் பிறகுதான் காருக்குத் தேவை இல்லாமை. வாங்க ஆளில்லாத காரை எவ்வளவு ஒழுங்காகச் செய்தால்தான் என்ன? காரணம் கடைசியில் இருக்கிறது, பழி முதலில் இருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

விற்றது எத்தனை, வந்தது எத்தனை?

ஆலையைக் காப்பாற்றவே விற்கிறோம் என்று சொல்லி ஒவ்வொன்றாக விற்றார்கள். தமிழ்நாட்டில் திருவள்ளூர் அருகே இதே கம்பெனிக்கு மண்வெட்டும் பெரிய இயந்திரங்கள் செய்யும் ஆலை இருந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அது அமெரிக்காவின் கேட்டர்பில்லர் கைக்குப் போயிற்று. 2007-ல் உத்தர்பாரா நிலத்தில் 314 ஏக்கர், சுமார் 285 கோடி ரூபாய்க்கு ஸ்ரீராம் பிராப்பர்ட்டீஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ஆலையைப் புதுப்பிக்கப் பணம் வேண்டும் என்ற காரணத்தின் பேரில்தான் மாநில அரசு அந்த விற்பனைக்கு இசைந்தது. ஏழு ஆண்டு கழித்து ஆலை நின்றது. 2017-ல் அம்பாசிடர் என்ற பெயரை மட்டும் பிரான்ஸின் பெஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது.

ஒரு பெயருக்கு 80 கோடி! அந்தப் பெயருக்கு மதிப்பு எப்படி வந்தது? அறுபது ஆண்டுகளாகப் பட்டறையில் நின்று தகடு அடித்தவன், வெல்டிங் செய்தவன், வண்ணம் பூசியவன், கொல்கத்தாவின் பள்ளம் மேடெல்லாம் அதை ஓட்டிய டாக்ஸிக்காரன், இவர்கள் எல்லாரும் சேர்ந்து ஏற்படுத்திய மதிப்பு அது. மீதியிருந்த சுமார் 395 ஏக்கரை, பயன்படுத்தாமல் கிடக்கிறது என்று சொல்லி 2022-ல் மாநில அரசு திரும்ப எடுக்க முற்பட்டது. வழக்கு நடந்து, 2025-ல் கல்கத்தா உயர் நீதிமன்றமும் அரசின் பக்கமே சொல்லிற்று. நிலத்துக்கு வழக்காட வக்கீல்கள் உண்டு. பெயரை விற்கத் தரகர்கள் உண்டு. தன் பாக்கியைக் கேட்டு நிற்கும் தொழிலாளிக்கு யார் உண்டு?

இங்கே ஒரு சூட்சுமத்தையும் நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆலையை 'மூடுகிறோம்' என்று சொன்னால் அரசின் அனுமதி வேண்டும், சட்டப்படி நட்டஈடு தர வேண்டும். ஆகையால் இந்த மாநிலத்தில் பலர் மூடுவதில்லை. 'வேலையை நிறுத்தி வைக்கிறோம்' என்று ஒட்டிவிடுகிறார்கள். ஆலை செத்ததும் இல்லை, பிழைத்ததும் இல்லை. தொழிலாளி வேலை போனவனும் இல்லை, வேலையில் இருப்பவனும் இல்லை. இப்படி நடுவில் தொங்குகிறவர்களுக்காக மாநில அரசு 1998-ல் மாதம் 500 ரூபாய் உதவித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பின்னர் அது உயர்த்தப்பட்டதென்றாலும், யானைப் பசிக்குச் சோளப்பொரிதான்.

சாஹாகஞ்ச் டன்லப் டயர் ஆலையின் கதையும் வேறன்று. 1936-ல் தொடங்கிய அந்த ஆலை கை மாறிக் கை மாறி, 2011-ல் நின்றுபோனது. 2016-ல் அதை எடுத்துக்கொள்ள மேற்கு வங்கச் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. தொழிலாளருக்கு மாதம் 10,000 ரூபாய் தருவதாக மாநில அரசு அறிவித்தது. முதலாளிகள் மாறி மாறி வந்து போனார்கள். கடைசியில் தொழிலாளியின் அடுப்பு எரிய மக்கள் வரிப்பணத்தைத்தான் தேட வேண்டியதாயிற்று. சென்னை அம்பத்தூரிலும் டன்லப் ஆலை இருந்ததை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள்.

அமெரிக்காவிலும் இதே பேச்சு

சம்பளத்தைக் காட்டிச் சலுகையை மறைக்கும் வித்தை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. 2008 நவம்பரில் அமெரிக்காவின் மூன்று பெரிய கார் கம்பெனிகளான ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிறைஸ்லர் ஆகியவற்றின் தலைவர்கள், அரசிடம் 2,500 கோடி டாலர் கடன் கேட்க வாஷிங்டனுக்கு வந்தார்கள். எப்படி வந்தார்கள்? மூவரும் தனித்தனியே கம்பெனி ஜெட் விமானத்தில் வந்திறங்கினார்கள். பிச்சைப் பாத்திரத்தை ஏந்தப் பல்லக்கில் வந்ததைக் கண்டு நாடே சிரித்தது. இரண்டாம் தடவை கேட்க வந்தபோது காரில் வந்தார்கள்.

அந்த நாட்களில் கருத்துக் கணிப்புகளில் அமெரிக்க மக்களில் பெரும்பான்மையோர் இந்த உதவியை எதிர்த்தார்கள். அவர்கள் கோபம் நியாயமானதே. ஆனால் அந்தக் கோபம் எந்தப் பக்கம் திருப்பப்பட்டது? "கார்த் தொழிலாளி மணிக்கு 70 டாலர் வாங்குகிறான்" என்ற பேச்சு நாடெங்கும் பரப்பப்பட்டது. உண்மையில் அவன் கைக்கு வந்த கூலி மணிக்கு 28 டாலர் அளவே. ஓய்வு பெற்ற லட்சக்கணக்கான பழைய தொழிலாளரின் மருத்துவச் செலவையும் ஓய்வூதியத்தையும், வேலையில் இருப்பவர் தலையில் வகுத்துப் போட்டதால் வந்த எண்தான் அந்த 70. அன்று டிசம்பரில் செனட் சபையில் கடன் மசோதா விழுந்ததற்கும், சம்பளத்தை எப்போது வெட்டுவது என்ற தகராறே காரணம்.

பிறகு வேறு நிதியிலிருந்து பணம் தரப்பட்டது. மொத்தத்தில் ஏறக்குறைய 8,000 கோடி டாலர் பொதுப்பணம் இறங்கிற்று. அதில் 900 கோடிக்கு மேல் திரும்பி வரவில்லை. 2009-ல் கிறைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் திவால் நீதிமன்றம் போய் வெளியே வந்தன. ஆனால் நிபந்தனைகளின் பாரம் யார்மீது விழுந்தது? புதிதாகச் சேருகிறவனுக்குப் பழைய தொழிலாளியின் சம்பளத்தில் ஏறக்குறையப் பாதி என்று 2007-லேயே வந்திருந்த இரண்டு தட்டுச் சம்பளம் நீடித்தது. சில ஆண்டுகள் வேலைநிறுத்தம் செய்வதில்லை என்று சங்கம் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அதே 2009-ல், அரசுப் பணத்தில் உயிர் பிழைத்த ஏ.ஐ.ஜி. என்ற காப்பீட்டுக் கம்பெனி தன் அதிகாரிகளுக்கு 16 கோடியே 50 லட்சம் டாலர் போனஸ் கொடுத்தது. கேட்டபோது, ஒப்பந்தத்தை மீற முடியாது என்றார்கள். அதிகாரியின் ஒப்பந்தம் வேதவாக்கு, தொழிலாளியின் ஒப்பந்தம் பழைய காகிதம்.

அந்தத் தொழிலாளர்கள் இழந்ததில் ஒரு பகுதியை மீட்க 2023 வரை காத்திருந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் மூன்று கம்பெனிகளிலும் ஒரே சமயத்தில் வேலைநிறுத்தம் செய்து, நாலரை ஆண்டில் 25 சதவீத உயர்வு பெற்றார்கள். முந்திய ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவரின் மொத்த ஊதியம் சுமார் 2 கோடியே 90 லட்சம் டாலர் என்பதை அவர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் நினைவூட்டினார்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது, மக்கள் கருத்தும் அவர்கள் பக்கம் திரும்பியது. நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே.

இங்கே உதவிக்கு வேறு பெயர்

நம் நாட்டில் கார் முதலாளிகள் டெல்லிக்கு ஜெட்டில் போய்க் கையேந்துவதாகச் செய்தி வருவதில்லை. இங்கே உதவி வேறு பெயர்களில் வருகிறது. வரிக்குறைப்பு, ஊக்கத்தொகை, சலுகைக் கடன், மலிவு நிலம் என்று அதற்கு எத்தனையோ பெயர்கள்.

2008 டிசம்பரில் உலக மந்தம் வந்தபோது மத்திய அரசு உற்பத்தி வரியைக் குறைத்தது. அடுத்த ஆண்டு நகரங்கள் பேருந்து வாங்க நிதி கொடுத்தது. நம் கொல்கத்தா சாலைகளிலும் அப்படி வந்த பேருந்துகள் ஓடின. 2019-ல் மறுபடி மந்தம் வந்தது. செப்டம்பர் மாதம் எண்ணூர் அசோக் லேலண்ட் ஆலையில் 16 நாட்கள் வேலையில்லா நாட்கள் என்று அறிவித்தார்கள். அதே மாதம் 20-ஆம் தேதி கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாக மத்திய அரசு குறைத்தது. இதனால் ஆண்டுக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வருமானம் விட்டுப்போகும் என்று அரசே சொன்னது. அது எல்லாத் தொழில்களுக்கும் தந்த சலுகை. கார்த் தொழிலுக்கென்றே 2021-ல் 25,938 கோடி ரூபாய் உற்பத்தி ஊக்கத் திட்டம் வந்தது. அதில் விற்பனை உயர வேண்டும், பொருளின் மதிப்பில் பாதியாவது நாட்டுக்குள் உருவாக வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை உண்டு. எத்தனை ஒப்பந்தத் தொழிலாளரை நிரந்தரமாக்கினாய் என்ற கேள்விக்கு அந்த ஊக்கத்தொகைக் கணக்கில் இடமில்லை.

சிங்கூரை இந்த மாநிலத்தில் யார் மறப்பார்? டாட்டா நானோ ஆலைக்காக 997 ஏக்கர் எடுக்கப்பட்டது. போராட்டம் மூண்டது. 2008 அக்டோபர் 3 அன்று டாட்டா வெளியேறி குஜராத்தின் சானந்துக்குப் போயிற்று. "கையில் வந்த லட்சுமியை விரட்டினோம்" என்று அங்கலாய்க்கிறவர்கள், குஜராத் எவ்வளவு கொடுத்தது என்று கேட்பதில்லை. சுமார் 2,900 கோடி ரூபாய் முதலீட்டுக்கு 9,570 கோடி ரூபாய் வரை நீண்டகாலக் கடன், வட்டி 0.1 சதவீதம்! நம் வீட்டுப் பெண்கள் குழுக் கடனுக்குக் கட்டும் வட்டி எத்தனை என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவ்வளவு வாங்கியும் அந்தக் கார் பத்தாண்டுக்குமேல் நிற்கவில்லை. இங்கே நிலம் எடுத்த முறை செல்லாது என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-ல் நடுவர் மன்றம், டாட்டாவுக்கு 765 கோடியே 78 லட்சம் ரூபாயும் வட்டியும் மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகம் தர வேண்டும் என்றது. கார் வராத ஆலைக்கும் பில் மக்கள் பெயரில்தான் எழுதப்படுகிறது.

கண்ணில் படாத ஊதியம்

தொழிலாளியின் சம்பளம் ஒற்றை எண். ஒப்பந்தம் போட்டால் பத்திரிகையில் வரும். வேலைநிறுத்தம் செய்தால் வீதியில் தெரியும். பூஜைக்கு முன் போனஸ் கேட்டால் ஊரே பேசும். மேலதிகாரியின் ஊதியம் அப்படி இல்லை. சம்பளம் ஒரு பத்தியில், கமிஷன் ஒரு பத்தியில், பங்கு ஒரு பத்தியில், வீடு, கார், டிரைவர், கிளப் கட்டணம், வெளிநாட்டுப் பயணம் இன்னொரு பத்தியில் என்று ஆண்டறிக்கையின் நூறாவது பக்கத்துக்கு அப்பால் சிதறிக் கிடக்கும்.

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் இயக்குநர்களின் மொத்த ஊதியத்துக்கு நிகர இலாபத்தில் 11 சதவீதம் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறது. பங்குதாரர்கள் சிறப்புத் தீர்மானம் போட்டால் அதையும் தாண்டலாம். இலாபமே இல்லாவிட்டால்? அதற்கும் சட்டத்தின் அட்டவணையில் வழி இருக்கிறது. மூலதனம் கரைந்து எதிர்மறையாகப் போன கம்பெனியில்கூட ஒரு நிர்வாகிக்கு ஆண்டுக்கு 60 லட்சம் ரூபாய் வரை தரலாம். சேமநிதி, பணிக்கொடை, விடுப்புக்கு ஈடான பணம் போன்றவை இந்த வரம்புக் கணக்கில் சேராது. எல்லாக் கம்பெனியும் அவ்வளவு தருகிறது என்று நாம் சொல்லவில்லை. நட்டத்தில் ஓடும் கம்பெனியின் நிர்வாகிக்கு எவ்வளவு தரலாம் என்று அவ்வளவு அக்கறையாக யோசித்த சட்டம், அதே கம்பெனித் தொழிலாளியின் ஆறு மாதப் பாக்கியை எந்தத் தேதிக்குள் தர வைப்பது என்று ஏன் அதே அக்கறையோடு யோசிக்கவில்லை என்றுதான் கேட்கிறோம்.

இதே சட்டத்தில் நமக்குப் பயன்படும் ஒரு பிரிவும் உண்டு. பங்குச் சந்தையில் உள்ள ஒவ்வொரு கம்பெனியும், ஒவ்வொரு இயக்குநரின் ஊதியமும் நடுத்தட்டு ஊழியரின் ஊதியத்தைப்போல் எத்தனை மடங்கு என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். படித்த நம் பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் அதைத் தேடி எடுத்துவிடலாம். அடுத்த தடவை யாராவது "யூனியன் சம்பளம்" என்று ஆரம்பித்தால், அந்த ஓர் எண்ணை அவர் முன் வையுங்கள்.

நம்மவர் கேட்கும் கேள்வி

நம் வாசகர் பலர் மனத்தில் வேறொரு கேள்வி இருப்பதை அறிவோம். "நமக்கு யூனியனும் இல்லை, போனஸும் இல்லை. இட்லிக் கடையிலும் தையல் கடையிலும் அடுத்தவர் வீட்டு வேலையிலும் நம் பிழைப்பு ஓடுகிறது. நிரந்தர வேலைக்காரன் நம்மைப்போல் மூன்று மடங்கு வாங்கினான். அவன் விழுந்தால் நமக்கென்ன?"

இந்தக் கேள்வியில் உள்ள வலியை நாம் ஒதுக்கித் தள்ளவில்லை. ஆனால் அவன் சம்பளம் வெட்டப்பட்டபோது நம் கூலி ஒரு ரூபாய் உயர்ந்ததா? ஒரு பெரிய ஆலை நின்றால் அதை நம்பிய சின்னப் பட்டறைகள், ஆலை வாசல் டீக்கடை, ரிக்‌ஷா, காய்கறிக்காரி, ட்யூஷன் சொல்லிக்கொடுத்த பெண் எல்லாரும் சேர்ந்துதான் விழுகிறார்கள். உயர்ந்த கூலி என்ற ஒன்று ஊரில் எங்காவது இருந்தால்தான், மற்றவன் அதைக் காட்டித் தனக்குக் கேட்க முடியும்.

இன்னும் சிலர், "நம் தமிழ்நாட்டைப் பாருங்கள், யூனியன் தொல்லை இல்லை, தொழில் கொழிக்கிறது" என்று பெருமை பேசுகிறார்கள். தாய்நாட்டின் வளர்ச்சியில் நமக்கும் பெருமைதான். ஆனால் மறைமலைநகரில் ஃபோர்டு என்ன செய்தது? அரசின் சலுகைகளோடு வந்த கம்பெனி 2021 செப்டம்பரில் போகிறேன் என்றது, 2022-ல் கடைசிக் காரைச் செய்தது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்து, நியாயமான நட்டஈட்டுக்காக ஆலைக்குள்ளேயே போராட வேண்டியிருந்தது. அங்கே எந்த 'ஒழுங்கீனம்' அந்த ஆலையை மூடிற்று? இப்போது அதே கம்பெனி திரும்பி வர ஒப்பந்தம் செய்திருக்கிறது. பழைய தொழிலாளிக்கு முதல் அழைப்பு உண்டா என்று கேட்பது நம் சொந்தங்களின் உரிமை. ஸ்ரீபெரும்புதூரில் 2024-ல் சாம்சங் தொழிலாளர் 37 நாள் வேலைநிறுத்தம் செய்ததும் முக்கியமாகச் சங்கம் வைக்கும் உரிமைக்காகவே. சங்கம் இல்லாததால் சுகமாக இருந்தவர்கள் அப்படித் தெருவில் உட்கார மாட்டார்கள்.

சங்கங்களுக்கும் ஒரு சொல்

தொழிற்சங்கங்கள் குற்றமே அறியாதவை என்று நாம் வாதாடவில்லை. ஓர் ஆலைக்குள் நான்கு கொடி. ஒரு கொடிக்காரன் கையெழுத்திட்டால் மறு கொடிக்காரன் கிழிப்பது. ஆளும் கட்சி மாறினால் சங்கத்தின் குரலும் மாறுவது. நிலத்தை விற்கும்போது வாயை மூடிக்கொண்டு, கடைசி நாளில் வாசலில் கோஷம் போடுவது. இவையெல்லாம் வங்காளத்தில் நடந்தவை, மக்கள் கண்டவை. ஒப்பந்தத் தொழிலாளி பக்கத்து இயந்திரத்தில் பாதிக் கூலிக்கு நின்றபோது, நிரந்தரத் தொழிலாளியின் சங்கம் அவனைத் தன் ஆளாக எண்ணாததும் உண்மை. வெளியூர்க்காரர்களான நம்மவர்களே பெரும்பாலும் அந்த ஒப்பந்தப் பட்டியலில் இருந்தோம் என்பதால் இதைச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. மக்கள் கருத்து சங்கங்களை விட்டு விலகியதற்கு முதலாளியின் பிரசாரம் பாதிக் காரணம் என்றால், சங்கங்களின் இந்த நடத்தை மீதிக் காரணம். கணக்கைத் திறந்து வைக்கும் சங்கம்தான் முதலாளியின் கணக்கைக் கேட்க முடியும்.

நாம் கேட்பது

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. முன்பு 100 பேர் வேலை செய்யும் ஆலையை மூடவே அரசின் முன் அனுமதி வேண்டும். இப்போது அந்த வரம்பு 300 ஆகிவிட்டது. நம்மவர் வேலை செய்யும் சிறு ஆலைகளும் பட்டறைகளும் பெரும்பாலும் அந்த எண்ணிக்கைக்குக் கீழேதான் இருக்கின்றன. மூடுவது எளிதாகிவிட்ட காலத்தில், மூடும்போது யார் முதலில் பணம் பெறுவது என்ற கேள்வி முன்னைவிடக் கூர்மையாகிறது.

ஆகவே நாம் கேட்கிறோம். தொழிலுக்கு அரசு உதவட்டும், தடையில்லை. ஆனால் பொதுப்பணமோ பொதுநிலமோ வரிச்சலுகையோ பெறும் கம்பெனி, எத்தனை பேருக்கு எத்தனை காலம் வேலை தரும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தவறினால் திருப்பித் தர வேண்டும். தொழிலாளியின் சம்பளம், சேமநிதி, பணிக்கொடை பாக்கி இருக்கும்வரை மேலதிகாரியின் ஊதியமோ சலுகையோ ஒரு ரூபாயும் உயரக் கூடாது. நின்றுபோன ஆலையின் நிலமோ இயந்திரமோ பெயரோ விலைபோனால், அந்தப் பணம் தனிக் கணக்கில் வைக்கப்பட்டு முதலில் தொழிலாளியின் பாக்கிக்குப் போக வேண்டும். 'வேலை நிறுத்தி வைப்பு' என்ற திரைக்கு ஒரு காலவரம்பு வேண்டும். அது கடந்தால் மூடலாகவே கருதி நட்டஈடு தர வேண்டும்.

குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, சேமநிதி எண் இவற்றை நகையைப்போல் பத்திரப்படுத்துங்கள். ஒப்பந்தக்காரன் கூலியைத் தராமல் ஓடினால், வேலை வாங்கிய பெரிய கம்பெனியே அதைத் தரச் சட்டப்படி கடமைப்பட்டது. கம்பெனி திவால் நீதிமன்றத்துக்குப் போய்க் கலைக்கப்பட்டால், 24 மாதம் வரையிலான தொழிலாளர் சம்பளப் பாக்கிக்கு, பிணை வைத்துக் கடன் கொடுத்த வங்கிக்குச் சமமான இடம் உண்டு. சேமநிதி, பணிக்கொடை நிதிகளில் மற்றக் கடன்காரர் கைவைக்க முடியாது. ஆனால் குறித்த நாட்களுக்குள் ஆதாரத்தோடு கேட்டவனுக்கே கிடைக்கும். கேட்கத் தெரியாதவர் நம் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். மனு எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறது.

அடுத்த தடவை லோக்கல் ஹிந்த்மோட்டரில் நிற்கும்போது யாராவது "யூனியன்காரன் கெடுத்த ஆலை" என்றால், சண்டை போட வேண்டாம். மூன்றே கேள்வி கேளுங்கள். எந்தக் காரைச் செய்வதென்று முடிவு செய்தவன் யார்? 314 ஏக்கரும் அம்பாசிடர் என்ற பெயரும் விற்ற பணத்துக்குக் கணக்கு எங்கே? கடைசி மாதச் சம்பளம் வாங்காமல் வீட்டுக்குப் போனவன் யார்? இம்மூன்றுக்கும் விடை சொல்லிவிட்டு அவர் யாரைப் பழித்தாலும் நாம் காது கொடுத்துக் கேட்போம்.